மேஜர் ரொஜர்ஸும் நினைவுப் பலகையில் இல்லாத யானைகளும்

பதுளை நகருக்கு வருபவர்களின் கண்ணில் புனித மாற்கு தேவாலயம் படாமல் போகாது. கல்லூரிக்கு வரும் வழியில் நான் அதை எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கிறேன். அது ஒரு பழைய கட்டடம், வெள்ளைக்காரர் காலத்தது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் ஊரோடு தொடர்புடைய ஒருவரின் வரலாற்றை எழுதிவருமாறு வரலாற்று ஆசிரியை சொன்ன பிறகுதான், அவரோடும் தோழிகளோடும் அனுமதி பெற்று உள்ளே சென்று பார்த்தேன்.

அங்கே ஓர் ஆங்கில நினைவுப் பலகை இருக்கிறது. இலங்கை ரைபிள் படையணியைச் சேர்ந்தவரும், பதுளையின் மாவட்ட நீதிபதியும், உதவி அரசாங்க அதிபருமான மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாக இத்தேவாலயம் எழுப்பப்பட்டது என்று அது கூறுகிறது. அவருடைய நண்பர்களும், உடன் பணியாற்றியவர்களும், கீழ்ப் பணியாற்றியவர்களுமாக எல்லாத் தரத்தினரும் சேர்ந்து எழுப்பினார்களாம். 1845 ஜூன் 7ஆம் திகதி அவர் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார் என்பதும் அதில் உண்டு.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது வாப்பா சிரித்தார். யானைகளைக் கொன்று குவித்த அந்தத் துரையைத்தானா சொல்கிறாய் என்று கேட்டார். நான் வாசித்த பலகையில் யானை என்ற சொல்லே இல்லை. பலகை சொன்னதும் வாப்பா சொன்னதும் ஒரே மனிதரைப் பற்றியவைதானா என்ற கேள்வியோடுதான் அவருடைய வாழ்க்கையைத் தேடத் தொடங்கினேன்.

அவர் வந்த பதுளை

ரொஜர்ஸின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள அவர் ஆட்சி செய்த நிலத்தை முதலில் அறிய வேண்டும். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. இரண்டே ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் பெருங்கிளர்ச்சி மூண்டது. அதற்கான காரணங்களுள் ஒன்று எம்மவர் ஒருவரோடு தொடர்புடையது. வெல்லஸ்ஸவில் ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை ஆங்கில அரசு முகாந்திரமாக நியமித்தது. தங்கள் அதிகாரம் குறைக்கப்படுகிறது என்று கண்டிய நிலப்பிரபுக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நிலைமையை நேரில் பார்க்கப் பதுளையிலிருந்து சென்ற அரசாங்க அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் 1817 செப்டெம்பரில் அம்பெய்து கொல்லப்பட்டார்.

கிளர்ச்சியை அடக்க வந்த படைகள் ஊர்களை எரித்தன, நெல்லை அழித்தன, பழமரங்களை வெட்டின, கால்நடைகளைக் கொன்றன. ஆயிரக்கணக்கானோர் சண்டையிலும் பசியிலும் நோயிலும் மாண்டனர். வயல்கள் காடாகின. காடான வயல்களுக்கு யானைகள் வந்தன. இந்தச் செய்தியை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். பின்னால் நாம் பார்க்கப்போகும் யானை வேட்டைக்கு இதுவும் ஒரு பின்னணி.

அந்தக் காலத்தில் ஊவா என்று தனி மாகாணம் இருக்கவில்லை. பதுளை மத்திய மாகாணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஊவா மாகாணம் 1886இல்தான் உருவாக்கப்பட்டது. புகையிரதம் இல்லை, தேயிலையும் இல்லை. மலைப்பாதைகளில் தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசைகளே உப்பையும் துணியையும் கருவாட்டையும் கொண்டுவந்து பாக்கைக் கொண்டுபோயின. அந்தத் தவளங்களை நடத்தியவர்களில் பெரும் பகுதியினர் முஸ்லிம் வணிகர்கள்.

மலாய்ச் சிப்பாய்களின் தளபதி

ரொஜர்ஸ் பணியாற்றிய இலங்கை ரைபிள் படையணியும் எமக்கு அந்நியமானது அன்று. ஒல்லாந்தர் காலத்திலேயே ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் மலாய் வீரர்கள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். ஆங்கிலேயர் அவர்களையே சேர்த்துப் படைப்பிரிவுகளை அமைத்தனர். 1827இல் அந்தப் படையணி இலங்கை ரைபிள் படையணி என்ற பெயரைப் பெற்றது. அதிகாரிகள் வெள்ளையர்; சிப்பாய்களில் பெரும்பாலோர் மலாய் முஸ்லிம்கள். இன்று கொழும்பிலும் கண்டியிலும் பதுளையிலும் அம்பாந்தோட்டையிலும் வாழும் மலாய்க் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு இந்தப் படையணியின் குடியிருப்புகளிலேயே தொடங்குகிறது.

அவர்கள் சுடும் கருவியை மட்டும் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள் அல்லர். குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு குர்ஆன் ஓதக் கற்பித்தார்கள். மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதிக் கிதாபுகளைப் படியெடுத்துப் பாதுகாத்தார்கள். 1869இல் கொழும்பிலிருந்து அலாமத் லங்காபுரி என்ற மலாய்ச் செய்தித்தாளே வெளிவந்தது. படையில் சேர்ந்ததால் தமது மார்க்கத்தையும் மொழியையும் இழந்துவிடாத ஒரு சமூகம் அது.

அக்காலப் பிரித்தானியப் படையில் அதிகாரி பதவி விலைக்கு வாங்கப்பட்டது என்பது எனக்குப் புதிய செய்தி. கீழ்நிலை அதிகாரி ஒருவர் கெப்டன் ஆகவோ மேஜர் ஆகவோ விரும்பினால், திறமை மட்டும் போதாது. பெருந்தொகைப் பணமும் வேண்டும். 1871 வரை இந்த முறை நீடித்தது. ரொஜர்ஸ் யானைத் தந்தங்களை விற்ற பணத்திலேயே தம் பதவி உயர்வுகளை வாங்கினார் என்று ஒரு கதை நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அது முழு உண்மையோ இல்லையோ, யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழியை அறிந்த எமக்கு அது நம்ப முடியாத கதை அன்று.

ஒருவர் கையில் மூன்று பொறுப்புகள்

1830களிலும் 1840களின் முற்பகுதியிலும் பதுளையில் அரசு என்றால் அது ரொஜர்ஸ்தான். படை அதிகாரி என்ற முறையில் சிப்பாய்கள் அவர் சொல் கேட்டார்கள். உதவி அரசாங்க அதிபர் என்ற முறையில் வரி, காணி, பாதை, ஊர்த் தலைவர்களின் நியமனம் எல்லாம் அவர் பார்வையில் நடந்தன. மாவட்ட நீதிபதி என்ற முறையில் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவரும் அவரே. இன்று மாவட்டச் செயலகம், நீதிமன்றம், படைமுகாம் என்று மூன்று வாசல்களுக்குப் போக வேண்டிய காரியங்களுக்கு அன்று ஒரே வாசல்தான் இருந்தது.

இதில் ஒரு நன்மை இருந்தது. காரியம் விரைவாக முடிந்தது. ஒரு பெரிய தீமையும் இருந்தது. உதவி அரசாங்க அதிபரின் செயலால் பாதிக்கப்பட்ட ஒரு விவசாயி எந்த நீதிபதியிடம் போய் முறையிடுவான்? அதே மனிதரிடம்தான் போக வேண்டும். அதற்கு மேலே போவதானால் கண்டிக்கோ கொழும்புக்கோ மலையேறி இறங்கிப் பல நாள் நடக்க வேண்டும். இப்படியான அதிகாரத்தைப் பெற்ற ஒருவர் கொடியவராக மாறுவது எளிது. ஆனால் ரொஜர்ஸ் சுறுசுறுப்பான நிர்வாகி என்றும் மக்களோடு நெருங்கிப் பழகியவர் என்றும் அக்காலத்தவர் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். குதிரையிலும் கால்நடையாகவும் தமது மாவட்டத்தின் மூலைமுடுக்கெல்லாம் அவர் சென்றார். காடுகளும் கணவாய்களும் அவருக்கு நன்கு தெரிந்திருந்தன.

அதே படையணியில் இருந்த இன்னொருவரின் பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். தோமஸ் ஸ்கின்னர் சிறுவயதிலேயே படையில் சேர்ந்து, பின்னர் இலங்கையின் பெருந்தெருக்களை அமைத்தவர் என்று புகழ்பெற்றவர். அவரும் பல நூறு யானைகளைச் சுட்டவர்தான். ஆயினும் ஸ்கின்னர் என்றதும் மக்களுக்கு நினைவு வருவது வீதிகள். ரொஜர்ஸ் என்றதும் நினைவு வருவது யானைகள்.

ரொஜர்ஸின் காலத்தில்தான் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. காடுகள் ஏலத்தில் விற்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் கடல் கடந்து, காடு கடந்து, நடந்தே மலைக்கு வந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் விழுந்தவர்களின் தொகை பெரியது. இன்று நாம் பார்க்கும் ஸ்பிரிங்வெளி, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களின் பச்சை மலைகளுக்கு முன்னால் அங்கே இருந்தது அடர்ந்த காடு. அந்தக் காட்டில் இருந்தவை யானைகள்.

ஆயிரத்து நானூறு

இனி, பலகை சொல்லாத பகுதிக்கு வருகிறேன்.

ரொஜர்ஸ் இறந்த அதே ஆண்டில் குடியேற்றச் செயலாளராக இலங்கைக்கு வந்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட். 1859இல் வெளியான இலங்கை பற்றிய தமது பெரிய நூலில், மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது என்று அவர் பதிவுசெய்திருக்கிறார். கெப்டன் கோல்வே என்பவர் அதில் பாதிக்கு மேலும், ஸ்கின்னர் ஏறத்தாழ அதே அளவும் கொன்றார்களாம். வேறு சிலர் ரொஜர்ஸின் கணக்கை 1,200 என்றும் 1,300 என்றும் சொல்கிறார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு அவரே எண்ணுவதை விட்டுவிட்டார் என்றும் கதை உண்டு.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் இருபது ஆண்டுகள் இடைவிடாமல் வேட்டையாடினார் என்றே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 70 யானைகள். அதாவது வாரத்துக்கு ஒன்றுக்கும் மேல். இன்னொரு கணக்கும் உண்டு. 2011இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் இலங்கையில் இருந்த காட்டுயானைகள் 5,879. அந்தத் தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை ஒரே ஒரு மனிதரின் துப்பாக்கி வீழ்த்தியிருக்கிறது.

அக்காலத் துப்பாக்கிகள் இன்றைய துப்பாக்கிகள் போன்றவை அல்ல. குழாயின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்ப நேரம் பிடிக்கும். ஆகவே வேட்டைக்காரருக்குப் பின்னால் நிரப்பிய துப்பாக்கிகளோடு உதவியாளர்கள் நிற்பார்கள். முன்னால் தடம் பார்ப்பவர்கள் போவார்கள். யானைக்குச் சில அடி தூரம் வரை நெருங்கிச் சென்று நெற்றியைக் குறிபார்த்துச் சுடுவதே வழக்கம். குறி தவறினால் உயிர் போகும். அந்த அளவில் ரொஜர்ஸ் துணிச்சல் மிக்கவர் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவருடைய துணிச்சலுக்குப் பின்னால் நின்றவர்களும் அதே யானையின் முன்னால்தான் நின்றார்கள். அந்தத் தடம் பார்த்தவர்களின் பெயரும், துப்பாக்கி தூக்கியவர்களின் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை.

பதுளையில் அவருடைய வீட்டைப் பார்த்த பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். விறாந்தைக் கதவுகளின் இருபுறமும் பெரிய தந்தங்கள் நிறுத்தப்பட்டிருந்தனவாம். சாப்பாட்டு அறையின் மூலைகளிலும் தந்தங்களாம். அவர் கொன்றவற்றில் அறுபதுக்கு மேற்பட்டவை கொம்பன் யானைகள் என்ற கணக்கும் அங்கே கிடைக்கிறது. இலங்கை யானைகளில் தந்தம் உடையவை மிகவும் அரிது. ஆகவே 1,400 யானைகளில் பெரும்பாலானவை தந்தமே இல்லாதவை. அவற்றின் இறைச்சியையும் யாரும் உண்பதில்லை. அவை விழுந்த இடத்திலேயே கிடந்து அழுகின.

மாமி வீட்டு வயல்

இந்த இடத்தில் ரொஜர்ஸை வெறும் கொலைகாரர் என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது மஹியங்கனைப் பக்கத்தில் இருக்கும் என் மாமியின் வீடு நினைவுக்கு வந்தது.

விடுமுறைக்கு நாங்கள் அங்கே போகும்போது இரவில் மாமாவும் அயலவர்களும் முறைவைத்து வயலுக்குக் காவல் போவார்கள். யானை வெடி கொளுத்துவார்கள். ஒருமுறை ஒரே இரவில் அறுவடைக்கு இருந்த வயலும் வாழைத்தோட்டமும் அழிந்து போயின. விடிந்ததும் மாமி வயல் வரம்பில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் யாராவது வந்து அந்த யானையைச் சுட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தால், மாமி வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது.

180 ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும். 1818இன் அழிவிலிருந்து எழுந்து, சேனையிலும் வயலிலும் மீண்டும் விதைத்த மக்களுக்கு யானை ஒரு பகை. அரசும் அப்படியே நினைத்தது. கொன்ற யானை ஒவ்வொன்றுக்கும் சில சிலிங் பரிசு கொடுத்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் 3,500க்கு மேற்பட்ட யானைகளும், தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளும் இவ்வாறு பரிசுக்காகக் கொல்லப்பட்டன என்று டென்னன்ட் கூறுகிறார். ஆகவே ரொஜர்ஸ் தனியொரு விதிவிலக்கு அல்லர். அவர் காலத்தின் வழக்கத்தை எல்லோரையும்விட அதிகமாகச் செய்தவர்.

ஆனால் அதே காலத்தில் யானையோடு வேறு விதமாகப் பழகியவர்களும் இருந்தார்கள். அவர்கள் எம்மவர்களே. ஏறாவூர் போன்ற ஊர்களின் பணிக்கர் எனப்படும் முஸ்லிம்கள், துப்பாக்கி இல்லாமல், மான்தோல் கயிற்றை யானையின் பின்னங்காலில் மாட்டி மரத்தோடு கட்டி உயிருடன் பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள். அவர்களுடைய திறமையை டென்னன்ட் பெரிதும் வியந்திருக்கிறார். அவர்களும் யானையின் சுதந்திரத்தைப் பறித்தவர்கள்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அது அவர்களின் பிழைப்பு. பிடித்த யானை உயிரோடு உழைத்தது. பயிரைக் காக்கச் சுடுவது ஒன்று. பிழைப்புக்காகப் பிடிப்பது ஒன்று. பயிரும் இல்லாத, ஊரும் இல்லாத நடுக்காட்டில் போய்க் கூட்டத்தோடு சுட்டு வீழ்த்தி எண்ணிக்கை வைத்துக்கொள்வது வேறொன்று. 1,400 என்ற எண் எந்த வயலையும் காக்கத் தேவைப்படாத எண்.

ஹப்புத்தளையில் ஒரு மாலை

1845 ஜூன் 7ஆம் திகதி ரொஜர்ஸ் ஹப்புத்தளையில் இருந்தார். ஹப்புத்தளைக் கணவாய்க்குப் போனவர்களுக்கு அந்த இடத்தின் தன்மை தெரியும். ஒருபுறம் ஊவாப் பள்ளத்தாக்கு. மறுபுறம் தெற்கே கடல்வரை விரியும் சமவெளி. இரண்டு பக்கத்து மேகமும் அங்கேதான் மோதிக்கொள்ளும்.

அன்று இடியும் மழையும் கடுமையாக இருந்தன. ரொஜர்ஸ் அங்கிருந்த வாடிவீட்டில் ஒதுங்கியிருந்தார். மழை சற்றுத் தணிந்தபோது, ஓய்ந்துவிட்டதா என்று பார்க்க விறாந்தைக்கு வந்தார் என்றும், புயல் முடிந்துவிட்டது என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்ன அதே கணத்தில் மின்னல் தாக்கியது என்றும் சொல்லப்படுகிறது. எத்தனையோ யானைகளின் முன்னால் நின்று உயிர் தப்பியவர், துப்பாக்கியும் இல்லாமல், எதிரியும் இல்லாமல், ஒரு வீட்டின் வாசலில் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 41.

அவரது உடல் நுவரெலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. இன்று கொல்ஃப் மைதானத்தின் எல்லைக்குள் இருக்கும் பழைய மயானத்தில் அவருடைய கல்லறை உள்ளது. அதன் கல் பிளந்து கிடக்கிறது. மின்னல் அவரைக் கல்லறையிலும் விடவில்லை, திரும்பத் திரும்ப அந்தக் கல்லையே தாக்குகிறது என்று மக்கள் சொல்கிறார்கள். யானைகளின் பாவம் என்பார் சிலர். கதிர்காமத் தெய்வத்தின் கோபம் என்பார் சிலர்.

முஸ்லிம் மாணவி என்ற முறையில் இந்தக் கதைகளை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. இடிக்கு ஒரு ஸூராவே பெயராக அமைந்திருக்கிறது. இடியும் மின்னலும் அல்லாஹ்வின் கட்டளைப்படி இயங்குபவை. மின்னல் தாக்கி இறந்தவர்களில் நல்லவர்களும் உண்டு. ஏழைத் தொழிலாளர்களும் உண்டு. ஒருவரின் மரணத்தின் விதத்தைக் கொண்டு அவருக்குத் தீர்ப்பு எழுதும் அதிகாரம் எமக்கில்லை. ஆனால் மக்கள் ஏன் அப்படி ஒரு கதையைச் சொன்னார்கள் என்பது சிந்திக்க வேண்டியது. நீதிபதியாக இருந்தவருக்கு எதிராக யானைகளுக்காக வழக்காட ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை. அந்த வழக்கை மக்கள் கதையாகச் சொல்லி வானத்திடம் கொண்டுபோனார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவருக்குப் பிறகு

அவர் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பின், 1857இல், புனித மாற்கு தேவாலயம் திறக்கப்பட்டது. அவரிடம் அன்பு இல்லாமல் அத்தனை ஆண்டு காத்திருந்து பணம் சேர்த்து ஒரு கட்டடத்தை யாரும் எழுப்பமாட்டார்கள். பலகை சொல்வதும் பொய்யில்லை.

அவருடைய படையணி 1873இல் கலைக்கப்பட்டது. மலாய்ச் சிப்பாய்கள் பலர் பொலிஸ் சேவைக்கும் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். அதன் இடத்தில் 1881இல் தொண்டர் படை உருவானது. 1900இல் தோட்டத் துரைமார் தமக்கென்று ஒரு தொண்டர் ரைபிள் படையையும் அமைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் எமது தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தது. புகையிரதம் 1924இல் பதுளையை அடைந்தது. காடு போனது, காட்டோடு மலைநாட்டு யானைகளும் போயின. 1937இல் வன விலங்குகளைக் காக்கும் சட்டம் வந்தபோது, பதுளை மலைகளில் காப்பதற்கு யானைகள் மிஞ்சியிருக்கவில்லை. இன்று மஹியங்கனை, புத்தள, வெல்லவாய போன்ற தாழ்நிலப் பகுதிகளில்தான் அவை வாழ்கின்றன. அங்கேயும் ஆண்டுதோறும் மனிதர்களும் யானைகளும் ஒருவரால் ஒருவர் மாண்டுகொண்டே இருக்கிறார்கள்.

இரண்டு தட்டுகள்

இக்கட்டுரையை எழுதி உம்மும்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மகிழவில்லை. மௌத்தானவர்களின் குறைகளைப் பேசக்கூடாது, அவர்களின் நல்லவற்றையே சொல்ல வேண்டும் என்று எமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது அல்லவா என்று கேட்டார். நான் பதில் சொல்ல முடியாமல் இரண்டு நாள் அதை மூடிவைத்திருந்தேன்.

பிறகு நான் சிறுவயதில் மத்ரஸாவில் கேட்ட இரண்டு சம்பவங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு பூனையைக் கட்டிவைத்து உணவு கொடுக்காமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றியும், தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனிதரைப் பற்றியும் நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களின் பெயர் எமக்குத் தெரியாது. செயல் மட்டும் பாடமாக இருக்கிறது. பூமியில் ஊர்ந்து திரியும் உயிர்களும் எம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தும் அல்குர்ஆனில் வருகிறது. அப்படியானால் ஒருவரை இழிவுபடுத்துவதற்காகக் குறை பேசுவது வேறு; செய்த செயலிலிருந்து பாடம் கற்பது வேறு. இதை உம்மும்மாவிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் நல்லதையும் குறைக்காமல் எழுது என்றார்.

அதையே செய்ய முயன்றிருக்கிறேன். ரொஜர்ஸ் துணிந்த வீரர், உழைத்த நிர்வாகி, எல்லாத் தரத்தினரின் அன்பையும் பெற்றவர். அதே ரொஜர்ஸ் தேவையின்றி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொன்றவர். ஒரு தட்டில் தேவாலயம் இருக்கிறது. மறு தட்டில் 1,400 யானைகள் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தால் அது வரலாறு ஆகாது. உண்மையான மீஸான் அல்லாஹ்விடம் இருக்கிறது. எங்கள் கையில் இருப்பது எழுதுகோல் மட்டுமே. அதைப் பிடிக்கும்போதாவது இரண்டு தட்டையும் நிரப்பிப் பார்க்க வேண்டும்.

இப்போதும் தினமும் அந்தத் தேவாலயத்தைக் கடந்துதான் கல்லூரிக்கு வருகிறேன். பலகையில் எழுதியிருப்பதை நினைத்துக்கொள்கிறேன். எழுதாதவற்றையும் நினைத்துக்கொள்கிறேன்: பெயர் தெரியாத மலாய்ச் சிப்பாய்களையும், துப்பாக்கி சுமந்தவர்களையும், நடந்து வந்து தோட்டங்களில் மாண்ட தொழிலாளர்களையும், இந்த மலைகளில் ஒரு காலத்தில் கூட்டமாக நடந்து திரிந்த யானைகளையும். அடுத்த விடுமுறைக்கு மாமியின் வீட்டுக்குப் போகும்போது இந்தக் கட்டுரையை அவருக்கும் வாசித்துக் காட்ட இருக்கிறேன். அழிந்த வயலின் வரம்பில் உட்கார்ந்திருந்த அவர் என்ன சொல்வார் என்பதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கட்டுரை எனக்கு முழுமை பெறும்.